களைத்தவர் உட்காரட்டும்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று, சமாரியப் பெண்ணைப் பற்றிய நற்செய்திக்குச் செவிமடுத்தோம். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பலமுறை சிந்தித்திருக்கிறோம். அதற்கு முன்பாக யோவான் சொல்லும் ஒரு சிறு செய்தியை எளிதில் கடந்துவிடுகிறோம். நடந்து களைத்த இயேசு, நண்பகல் வேளையில், யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்தார். செய்ய வேண்டிய மீட்புப் பணி எவ்வளவோ இருந்தது. ஆயினும் இறைமகன் உட்கார்ந்தார்.

நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வேறொரு போதனை தருகிறது: ஓயாமல் ஓடு, தூக்கத்தைக் குறை, ஓய்வெடுப்பவன் தோற்பான். 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடே அதை விவாதித்தது. ஜவுளிக்கடையில் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை ஆறு நாள் வேலை செய்கிற பெண்ணுக்கு அது 72 மணி நேரம். அவளை யாரும் சாதனையாளர் என்று சொல்வதில்லை.

கல்வராயன் மலை மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அது முடிவுக்கு வந்தது 1976இல்தான். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மலையிறங்கி வந்து கள்ளக்குறிச்சிக் கடைகளில் வேலை செய்கிறார்கள். இப்போது கூலி உண்டு. உட்கார இடம் உண்டா?

இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, 2021இல் தமிழ்நாடு அரசும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் எல்லாருக்கும் இருக்கை வசதி தர வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். திருச்சபையும் இதன் அடிப்படையையே போதிக்கிறது. வேலைக்காக மனிதர் இல்லை, மனிதருக்காகவே வேலை என்பதைத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் விளக்கினார்.

வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கடைக்காரர் அஞ்சலாம். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் வாடிக்கையாளராகிய நாம்தான். “உட்காரும்மா, அவசரமில்லை” என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடை நடத்தும் நம் பங்கு மக்கள் இந்தத் தவக்காலத்தில் கடைக்குள் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடட்டும். அது வெறுமனே கிடக்காமல், பணியாளர் தயக்கமின்றி உட்காரட்டும்.

இன்னும் சில வாரங்களில் பெரிய வியாழன் வருகிறது. பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கைக் காண்போம். நாளெல்லாம் நின்று வீங்கிய பாதங்களும் அன்று நம் ஆலயத்தில் இருக்கும். ஆண்டவர் தொட்டுக் கழுவ விரும்பும் பாதங்கள் அவை.

செபிப்போம்: களைத்துக் கிணற்றருகே உட்கார்ந்த ஆண்டவரே, எங்களுக்குப் பணிவிடை செய்வோரின் களைப்பைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.