பழைய கணினியில் களையெடுப்பு
(ரஞ்சன்குடியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இன்று ஊராட்சிகளின் திட்டங்களும் கணக்குகளும் ஏறுகின்றன. அலுவலகக் கணினி நின்றால் அப்பணியும் நிற்கும். பழைய கணினியில் ‘சி’ டிரைவ் நிரம்பினால் வேகம் குன்றும்; புதுப்பிப்புகளும் ஏறா. புதுக் கணினி கோருமுன், வேண்டாதவற்றை நீக்கிப் பார்ப்போம்.

முதலாவதாக, வரி ரசீதுகள், தீர்மானங்கள், பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, விண்டோஸிலேயே அமைந்துள்ள ‘டிஸ்க் கிளீனப்’ என்னும் கருவியைத் திறந்து, ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதை அழுத்தினால், தற்காலிகக் கோப்புகளும் பழைய புதுப்பிப்புகளின் மிச்சமும் அளவுடன் தோன்றும். அவற்றை நீக்கலாம். ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெயர் காணப்பட்டால் அதில் குறியிடலாகாது. இறக்கி வைத்த அரசாணைகள் அங்கேதான் இருக்கும். இவ்வழியில் நீக்கியவை குப்பைத் தொட்டிக்குச் செல்லா, மீட்பது அரிது.

மூன்றாவதாக, ‘சிஸ்டம்32’, ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஆகிய கோப்புறைகளில் கைவைத்து எதையும் அழித்தல் கூடாது. நம் ஊர்க் கோட்டைச் சுவரில் எக்கல் சுமை தாங்குகிறதென வெளியே தெரிவதில்லை, இவையும் அத்தன்மையனவே. ஒன்றை உருவினால் கணினி எழும்பாமற் போகலாம்.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இடம் கிடைத்துவிட்டதனால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

கிராம சபையில் மக்கள் கேட்கும் கணக்கு நம்மிடம் இருந்தாக வேண்டும். ஆதலின் முதலில் நகல், பின்னரே நீக்கம் என்பதை வழக்கமாக்கிக்கொள்வோம்.