செயற்கைக் கையும் மதிய வியர்வையும்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

பி பிளாக் நண்பர் ஒருவர் பேட்டரியில் இயங்கும் செயற்கைக் கை பொருத்தியிருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "காலையில் சொன்னபடி கேட்கிற கை மதியம் ஆனால் அடம்பிடிக்கிறது. பரணில் போட்டுவிடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

எல்லோரும் இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே புரள்கிறதா? விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. மணிக்கட்டோடு கை போனாலும் அவை போவதில்லை. மூளை 'மூடு' என்றால் இன்றும் சுருங்கும்.

இதில் நம் செங்கல்பட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1947இல் வேலூர் சி.எம்.சி. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை! முன்கைத் தசை நன்றாக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது அதன் பிறகுதான்.

தசை சுருங்கும்போது மின்சாரம் பிறக்கிறது. தோலின் மேல் அது ஒரு மில்லிவோல்ட் அளவில்தான் கிடைக்கும். டார்ச் செல்லின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நண்பரின் கை இதைத் தோல்மேல் படும் உலோகப் பொட்டுகளால் பிடிக்கிறது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்த்து, பொட்டு நழுவினால் கை குழம்பிவிடும். பக்கத்துத் தசைகளின் சத்தமும் கலக்கும். வராண்டாவில் நின்றால் நாலு வீட்டு டி.வி.யும் ஒன்றாகக் கேட்பதில்லையா, அதுபோல.

அப்படியானால் வீட்டுக்குள்ளேயே போய்க் கேட்டால்? அமெரிக்காவில் அதைச் செய்தார்கள். ஏறக்குறைய 16 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமனில் ஓர் உணரி, அதாவது சென்சார். ஒவ்வொரு தசைக்குள்ளும் ஒன்றைப் புதைப்பார்கள். அதில் பேட்டரி கிடையாது, தோலைத் துளைத்து வரும் வயரும் கிடையாது. செயற்கைக் கையின் சாக்கெட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் காந்தப்புலத்தால் மின்சாரம் தருகிறது, செய்தியும் அதன் வழியே வெளியே வருகிறது. உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பின் தத்துவம்தான். இரவில் கையைக் கழற்றினால் உள்ளே இருப்பவை உறங்கிவிடும். பேஸ்மேக்கர் போலப் பேட்டரி தீர்ந்து மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு இதில் பெரிய விஷயம்.

ராணுவ மருத்துவமனையான வால்டர் ரீடில் இதைப் பொருத்திக்கொண்டவர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளியானது. கட்டைவிரல், மற்ற விரல்கள், மணிக்கட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் அசைக்க முடிந்தது. ஆனால் இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. யாராவது விற்க வந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகவே நண்பரே, பரணில் போடாதீர்கள். மதியம் ஒருமுறை கழற்றி, கையையும் சாக்கெட்டையும் துடைத்து உலரவிடுங்கள். மிச்சக் கை மெலிந்திருந்தால் சாக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும். மூடுவதும் திறப்பதுமாகத் தசைக்குத் தினமும் பயிற்சி கொடுங்கள். நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அதற்குத் தசை வேண்டும்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. செயற்கை உறுப்புப் பிரிவும் அங்கு உண்டு. அடுத்த வாரம் நானும் நண்பரும் போகிறோம். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் இன்றே என்னிடம் சொல்லுங்கள்.