ஆண்டுக்கு ஒரு குறிக்கோள், தவணைக்கு ஒரு சரிபார்ப்பு

(பொன்விழா ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில், சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



 லுஹர் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் புரட்டினாலும் ஒரு வாசகம் இருக்கும்: "வரும் ஆண்டில் பிள்ளைகளின் கல்வித் தரத்தை உயர்த்தப் பாடுபடுவோம்." நல்ல வாசகம்தான். ஆனால் எந்தப் பிள்ளை, எந்தப் பாடம், எவ்வளவு உயர்வு, எந்த மாதத்துக்குள், அதை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கடை நடத்திய நம் பெரியவர்கள், "இவ்வாண்டு வியாபாரம் நன்றாக நடக்கப் பாடுபடுவோம்" என்று எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவைக்கவில்லை. ஆண்டு முடிவில் சரக்கு எண்ணி, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று ஐந்தொகை போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டும்.

சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளிகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு காலத்தில் கல்வி அமைச்சின் ஆய்வாளர்கள் பள்ளிக்கு வந்து பார்த்து மதிப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து பள்ளிகள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுத் திட்டம் வகுக்கிறது. ஒவ்வொரு பாடத்துறையும் அதன் கீழ் தனக்கென ஒரு திட்டம் எழுதுகிறது. தமிழ்த் துறையும் எழுதுகிறது. பெற்றோர்களாகிய நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பள்ளியில் கேட்டிருக்கிறோம்? பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போனால், "என் மகன் எத்தனை மதிப்பெண்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "இந்த ஆண்டு இந்த வகுப்பில் தமிழுக்கு நீங்கள் வைத்திருக்கும் குறிக்கோள் என்ன? அதில் என் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கேட்பார் இல்லை என்பதுதான் அவர்களுடைய குறை.

இப்போது கேட்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு 2019 முதல் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகள் இல்லை. அரையாண்டுத் தேர்வு 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் மூச்சுவிடட்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் இது. நாங்கள் இதை வரவேற்கிறோம். ஆனால் சில வீடுகளில் நடப்பது வேறு. தேர்வு இல்லை என்றவுடன் பார்வையும் இல்லாமல் போய்விடுகிறது. தொடக்கநிலை 3 ஆண்டிறுதித் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும்போதுதான், பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க வரவில்லை என்று தெரிகிறது. அதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தேர்வு குறைந்த காலத்தில் சரிபார்ப்பு கூட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

சரி, குறிக்கோள் வைக்கிறோம் என்றால் எதை வைப்பது? இங்கேதான் எங்கள் குழுவுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. "பிஎஸ்எல்இ தேர்வில் நம் பிள்ளைகள் இத்தனை பேர் முதல் அடைவுநிலை பெற வேண்டும்" என்று வைக்கலாம் என்பது ஒரு கருத்து. கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. நன்கொடையாளர்களிடம் சொல்வதற்கும் வசதி. நாங்கள் அதை ஏற்கவில்லை. ஏன் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

2021 முதல் பிஎஸ்எல்இ முடிவு ஒவ்வொரு பாடத்திலும் எட்டு அடைவுநிலைகளாக வருகிறது. 90ம் அதற்கு மேலும் முதல் நிலை. 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை. 80 முதல் 84 வரை மூன்று, 75 முதல் 79 வரை நான்கு. இரண்டு முதல் நான்கு வரை ஐந்தைந்து மதிப்பெண். அதன் பிறகு படி அகலமாகிறது. ஐந்தாம் நிலை 65 முதல் 74 வரை, ஆறாம் நிலை 45 முதல் 64 வரை, ஏழாம் நிலை 20 முதல் 44 வரை. இப்போது இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் 46லிருந்து 62க்கு ஏறுகிறாள். பதினாறு மதிப்பெண். அந்த வயதில் அது மலையேற்றம். ஆனால் தாளில் அவள் அன்றும் ஆறாம் நிலை, இன்றும் ஆறாம் நிலை. இன்னொரு பையன் 89லிருந்து 90க்குப் போகிறான். அவன் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறிவிட்டான், மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அடைவுநிலையை மட்டும் குறிக்கோளாக வைத்தால் அந்தப் பெண்ணின் பதினாறு மதிப்பெண்ணை நம் கணக்கு பார்ப்பதேயில்லை. போகப் போக ஆசிரியரின் கவனமும் எல்லைக்கோட்டருகில் நிற்கும் பிள்ளைகளிடமே போய்விடும். யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. எதை எண்ணுகிறோமோ அங்கேதான் உழைப்பு போகும்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே கையெழுத்தான ஒரு கல்விச் சட்டம், பள்ளிகள் ஆண்டுதோறும் இவ்வளவு முன்னேற்றம் காட்ட வேண்டும், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்று விதித்தது. எட்டாத பள்ளிகளுக்கு நடவடிக்கை. நோக்கம் உயர்ந்ததுதான். பின்தங்கிய பிள்ளைகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்ததும் உண்மை. ஆனால் தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, மிகவும் கீழே நிற்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற போக்கும் பல பள்ளிகளில் வந்தது. 2014ம் வந்தது, எல்லாரும் எட்டவில்லை. 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பெரிய நாடு, பெரிய பணம். இருந்தும் குறிக்கோளைத் தவறான இடத்தில் நட்டால் இப்படித்தான்.

ஆகவே எங்கள் குழுவின் முடிவு இது. சனிக்கிழமை வகுப்பின் தொடக்கநிலை 3 பிள்ளைகளுக்கு இவ்வாண்டு ஒரே ஒரு குறிக்கோள். முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைத் தமிழில் வாய்விட்டு வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தோம் என்பதைத் தன் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது.

இது ரொம்பச் சிறியதாக இல்லையா என்று சிலர் கேட்டார்கள். சிறியதல்ல. பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழியும் கேட்டலும் சேர்ந்து 35 விழுக்காடு. கருத்தறிதலும் கட்டுரையும் வாசிப்பில்லாமல் நடக்காது. தேர்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நம் வீடுகளில் மொழி நிலவரம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அத்தா ஆங்கிலத்தில் கேட்கிறார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. நன்னியம்மா மட்டும்தான் தமிழ். சில குடும்பங்களில் பிள்ளை பள்ளியில் மலாய் எடுத்துப் படிக்கிறது. அது அவர்கள் விருப்பம், அதில் தவறு காண நாங்கள் வரவில்லை. தமிழ் எடுத்த பிள்ளைக்காவது தமிழ் வாசிக்க வர வேண்டும் அல்லவா?

1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயர் பெற்றது. சாமான்ய உழைப்பாளிகள் கூடிச் செய்த காரியம் அது. மாணவர் குறைந்து 1982இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டே அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் வந்தது. பள்ளியே நடத்தியவர்களின் வழிவந்த நமக்கு ஒரு பக்கம் வாசிக்க வைப்பது இயலாத காரியமா?

எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. ஹிஃப்ளு மதரஸாவைப் பாருங்கள். உஸ்தாத் புதுப் பாடம் கொடுப்பதற்கு முன் நேற்றைய பாடத்தைக் கேட்கிறார். அதற்கு முந்தைய நாட்களின் பாடத்தைக் கேட்கிறார். பழைய ஜுஸ்வுகளையும் முறைவைத்துக் கேட்கிறார். ஒப்புவிக்க முடியாதவனுக்குப் புதுப் பாடம் இல்லை. ஒருவன் மூன்றாம் ஜுஸ்வில் இருப்பான், பக்கத்தில் இருப்பவன் பத்தாம் ஜுஸ்வில் இருப்பான். இருவரையும் ஒரே தேதிக்குள் ஒரே இடத்தில் நிறுத்த உஸ்தாத் முயல்வதில்லை. ஆனால் ஒவ்வொருவனும் எங்கே நிற்கிறான் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஜனவரியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து வாசிக்கக் கேட்போம். எத்தனை சொல்லில் தடங்கியது, எந்த எழுத்தில் தடங்கியது, ளகர ழகரமா, கொம்பும் காலும் சேர்ந்த உயிர்மெய்யா, சொன்னதில் பொருள் இருந்ததா என்று ஆசிரியர் ஒரு தாளில் குறிப்பார். ஆசிரியர் குரலை உயர்த்தினால் பிள்ளைக்கு வாசிப்பு வராது, ஆகவே இது தேர்வு என்ற பேச்சே இருக்கக் கூடாது. முதல் தவணை முடிந்து மார்ச் விடுமுறை வருவதற்கு முன் மறுபடி கேட்போம். பிறகு ஜூன் விடுமுறைக்கு முன், செப்டம்பர் விடுமுறைக்கு முன். ஜூனில் நான்கு வாரம் விடுமுறை. ஊருக்குப் போகும் பிள்ளைகள் தமிழோடு திரும்பி வருகிறார்கள், இங்கேயே இருக்கும் பிள்ளைகள் சிலர் இருந்ததையும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஜூலையில் முதல் சனிக்கிழமையும் ஒருமுறை கேட்பது நல்லது. நோன்பு முதல் தவணைக்குள் வரும் ஆண்டுகளில் வகுப்பு நேரம் சுருங்கும். அந்தத் தவணைக்கு எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும்.

சரிபார்ப்பு என்றால் ஆசிரியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது என்று யாரும் எண்ண வேண்டாம். மார்ச்சில் பாதிப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது பாடநூல் கடினமா, வகுப்பில் கூட்டம் அதிகமா, தாமதமாக வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பவற்றை. ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். சிலருக்கு எழுத்துகளைப் பிரித்தறிவதில் இயல்பாகவே சிரமம் இருக்கலாம். அவர்களைப் பள்ளியின் கற்றல் ஆதரவு ஆசிரியரிடம் அனுப்ப வேண்டும், சோம்பேறி என்று பெயர் வைக்கக் கூடாது. முறையை மாற்றுவோம். தேவையானால் குறிக்கோளையே மாற்றுவோம். ஆனால் மாற்றியதையும் காரணத்தையும் எழுதி வைப்போம். டிசம்பரில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையோடும் உங்களோடும் உட்கார்ந்து பார்ப்போம்.

இதற்குப் பணம் வேண்டும். வாசிக்கக் கேட்கும் நாட்களில் கூடுதலாக இரண்டு ஆசிரியர்கள் தேவை. ஆண்டு விழாவில் கோப்பைகளுக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம் என்று செயலவையிடம் கேட்டிருக்கிறோம். கோப்பை குறைந்தால் பெற்றோர் மனம் வருந்துவார்கள் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். வருந்துவீர்களா என்று இங்கேயே உங்களிடம் கேட்டுவிடுகிறோம்.

உங்கள் பங்கும் இருக்கிறது. இரவில் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்க, நீங்கள் கேட்க வேண்டும். உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, நன்னியம்மா கேட்கட்டும். புத்தகத்தை மூடச் சொல்லி, "என்னம்மா படிச்சே?" என்று கேளுங்கள். அது போதும்.

வெளியே வாசலருகில் உள்ள மேசையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஜனவரிக் குறிப்புகள் அதில் உள்ளன. பார்த்து, ஐயம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு, கையெழுத்திட்டுப் போங்கள். மார்ச் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை அதே தாளோடு மறுபடி சந்திக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.