பிழை நேர்ந்தால்
(கிங்ஸ் சர்க்கிளில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவன் கணினிமொழி பற்றிப் பேசுவது வியப்பாக இருக்கலாம். ஆனால், எதிர்பாராத தவறு நேரும்போது என் செய்வது என்பதை எங்கள் துறையைப்போல் நெடுங்காலம் எண்ணியவர் யார்?

பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பி அறுந்தால் அதன் கை தானே ‘நில்’ என்னும் நிலைக்கு வந்துவிடும். ஓட்டுநர் விதிப்படி அனுமதி பெற்ற பின்னரே நகரலாம்.

நம் பிள்ளைகள் பயிலும் பைத்தான் மொழியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ‘டிரை’ என்பதன்கீழ் வேலையை எழுதுவர். ‘எக்செப்ட்’ என்பதன்கீழ், இன்ன பிழை நேர்ந்தால் இன்னது செய்க என எழுதுவர். கவனிப்பார் இல்லையெனில் பிழை, அவ்வேலையை ஏவிய பகுதிக்குச் செல்லும். அங்குமில்லையெனில் அதற்கும் மேலே. எழுத்தரிடமிருந்து நிலைய அதிபருக்கும், அவரிடமிருந்து கட்டுப்பாட்டு அறைக்கும் செய்தி போவது போலத்தான். எங்குமே கவனிப்பாரில்லையெனில் நிரல் நின்றுவிடும்.

ரயிலை நிறுத்தலாம், பறக்கும் ராக்கெட்டை நிறுத்த முடியுமா? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் ஏரியன் 5, புறப்பட்டுச் சுமார் 40 நொடிகளில் சிதறிற்று. பெரிய எண் ஒன்று, அதற்கென ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. அப்பிழைக்கெனத் தனி ஏற்பாடு எழுதப்படாமையால் வழிகாட்டும் கணினி நின்றுபோயிற்று.

எழுதும் முறையிலும் இடர் உண்டு. பைத்தானின் பழைய பதிப்புகளில் ‘எக்செப்ட்’ என்பதன்பின் இரு பிழைப்பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் இரண்டும் பிடிபடும் என்றே எவரும் கருதுவர். பிடிபடுவதோ முதலாவது மட்டும்! இரண்டாவது, பிடிபட்ட பிழைக்குச் சூட்டிய பெயராகிவிடும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில், பெயர் சூட்ட ‘ஆஸ்’ என்று தனிச்சொல் வைத்தனர். பல பிழைகளை அடைப்புக்குறிக்குள் இடச் செய்தனர். 2025-இல் வந்த 3.14-இல்தான், பெயர் சூட்டாத இடத்தில், அக்காற்புள்ளி நாம் கருதிய பொருளோடு திரும்பிற்று. ஒரு காற்புள்ளிக்குப் பதினேழு ஆண்டுகள்!

தமிழில் எப்படி எழுதலாம்? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வரும். நம் இலக்கணமும் அதுவே. அவ்வாறே பிழையின் பெயரை முன்வைத்து ‘நேர்ந்தால்’ எனப் பின்னே எழுதலாம் என்பது என் கருத்து. பைத்தானில் பெயர் சொல்லாமலே எல்லாப் பிழைகளையும் வாரி விழுங்கச் செய்யலாம். பின்னர் எது கெட்டது என்பதே தெரியாது. பெயர் முன்னே வரவேண்டிய மொழியில் அச்சோம்பலுக்கு இடமிராது.

‘நேர்ந்தால்’ என்பதினும் சிறந்த சொல் அறிந்தோர் இம்மேடைக்கு வந்து கூறுக.