சூரியனை மறைத்துச் சூரியனைப் பார்க்கிறோம்



உச்சி வெயிலில் தெருமுனையில் யாரோ வருகிறார்கள். முகம் தெரியவில்லை. என்ன செய்வோம்? நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்ப்போம், இல்லையா? சூரியப் புயலைக் கண்டுபிடிக்கும் கொரோனாகிராஃப் என்ற கருவியும் அதையேதான் செய்கிறது. உள்ளே இருக்கும் ஒரு தட்டு சூரிய வட்டத்தை மறைத்துவிடும். சுற்றிலும் மங்கலாக ஒளிரும் கொரோனா என்ற வெளிமண்டலம் அப்போதுதான் தெரியும். முழுக் கிரகணம் நமக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இந்தக் கருவியோடு 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்துக்கோ நாளெல்லாம் கிரகணம்தான்!

அந்தப் படங்களை நான் வகுப்பில் ஓடவிடுவது வழக்கம். ஒருநாள் சூரியனைச் சுற்றி வெண்மையாய் ஒரு வளையம் விரிந்தது. பக்கவாட்டில் பாயும் வெடிப்பு ஒரு விசிறிபோலத் தெரியும். வளையமாகத் தெரிந்தால் அது நம் திசைக் கோட்டில் பாய்கிறது. பின்வரிசை மாணவி ஒருத்தி சட்டென்று சொன்னாள்: "ரயில் நேரா வந்தா முகம் மட்டும்தானே சார் தெரியும்!" இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

"அப்போ நம்மமேல மோதுமா?" என்று வகுப்பே பரபரத்தது. அதே நேரத்தில் எடுத்த சூரிய வட்டத்தின் படத்தைத் திறந்தோம். அதில் வெடிப்பின் சுவடே இல்லை. ஆக, அது சூரியனின் மறுபக்கம் வெடித்து நம்மைவிட்டு விலகிப் போன ரயில். கேளுங்கள் நேயர்களே, வருவதும் போவதும் வளையத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாகக் கணிப்பார்.

இப்படி வெடித்து நம்மை நோக்கி வரும் புயல் லேசானதல்ல. நூறு கோடி டன் பிளாஸ்மாகூட ஒரே வீச்சில் கிளம்பும். விரைவானது ஒரு நாளுக்குள் வந்துவிடும். மெதுவானதற்கு மூன்று, நான்கு நாளாகும். அப்படியொரு புயலால் 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

ஆனால் படம் சொல்லாத சேதி ஒன்று உண்டு. புயல் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் காந்தக் கவசத்தோடு பிணைந்து பெருஞ்சேதம் செய்யும். அந்தத் திசையை அறிய, புயல் நம் வாசலுக்கே வரவேண்டும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியுள்ள எல்1 புள்ளிதான் அந்த வாசல். அங்கே தெரிந்தபின் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. மின்நிலையங்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் அதுவே பெரிய அவகாசம்.

2024 ஜனவரி 6 முதல் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் அந்த வாசலில் காவல் நிற்கிறது. கொரோனாகிராஃபும் காந்தமானியும் ஒரே கலத்தில் இருக்கின்றன. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. அதே ஆண்டு மே மாதம் பெரும்புயல் வந்து, லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நேரம் நெருங்கிவிட்டது. இளைய நேயர்களே, சோஹோ படங்கள் யாரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் ஆர்வலர்களே. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள்; இந்தப் படங்களைத் தினமும் பாருங்கள். அடுத்த வளையத்தை உங்களில் ஒருவர் முதலில் காணட்டும்.