உப்பளத்து ஊதா வாங்கும் ஒளிச் சேதி



அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய உப்பளங்களை விமானத்திலிருந்து பார்த்தால், சில பாத்திகள் செக்கச்செவேலென்று தெரியும். அந்தக் கடும் உப்புநீரிலும் செழித்து வாழும் நுண்ணுயிர்கள்தான் காரணம். அவற்றில் ஒன்றின் மேற்சவ்வில் ஊதாத் திட்டுகள் உண்டு. 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த ஊதாவைப் பிரித்து ஆராய்ந்தார்கள். கிடைத்தது ரெட்டினால்! நம் விழித்திரையில் ஒளியை வாங்கிக்கொள்ளும் அதே பொருள், கண்ணே இல்லாத ஓர் உயிரில். அதைத் தாங்கி நிற்கும் புரதத்துக்கு பாக்டீரியோரொடாப்சின் என்று பெயர் வைத்தார்கள்.

ஒளி பட்டவுடன் ரெட்டினால் வளைந்துகொள்ளும். ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறுகூட ஆகாது. அந்த உந்துதலில் புரதம் ஒரு புரோட்டானைச் சவ்வின் மறுபுறம் தள்ளிவிட்டு, ஏறக்குறைய 10 மில்லிவினாடியில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

1992-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் இந்தப் புரதத்தை மெல்லிய படலமாக மின்முனை மீது பூசினார்கள். விளக்கைப் போட்டதும் ஒரு மின்துடிப்பு. விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மின்னோட்டம் இல்லை. அணைத்ததும் எதிர்த்திசையில் இன்னொரு துடிப்பு. என்னை வியக்க வைப்பது இதுதான். சேதி என்பதே மாற்றம்தானே? மாறாமல் எரியும் விளக்கு எதையும் சொல்வதில்லை. மின்னி மின்னி அணையும் விளக்குதான் சொல்கிறது. அந்த மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கணினி எதுவும் இல்லாமல் இந்த மூலக்கூறே செய்துவிடுகிறது.

அப்படியானால் தொலைத்தொடர்பில் ஒளிச் சேதி வாங்க இதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் தொலைத்தொடர்புக் கண்ணாடியிழைகளில் ஓடுவது அகச்சிவப்பு ஒளி. இந்தப் புரதமோ பச்சை, மஞ்சள் ஒளிக்கே நன்றாக இசையும். மலிவிலும் வேகத்திலும் சிலிக்கான் ஒளியுணரிகளை இது வெல்லும் என்று நான் நம்பவில்லை. இந்தப் புரத இனத்துக்கு உரிய இடம் உயிருடல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவரின் விழித்திரை நரம்புச் செல்களில், இதே இனத்தைச் சேர்ந்த, பச்சைப்பாசியின் ஒளிப்புரதம் ஒன்றுக்கான மரபணுவைச் செலுத்தினார்கள். அவர் அணிந்த மூக்குக்கண்ணாடியின் கேமரா, எதிரில் இருப்பதை மஞ்சள் ஒளித்துடிப்புகளாக மாற்றிக் கண்ணுக்குள் அனுப்பியது. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டுகொண்டார், தொட்டார், எண்ணிக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றினால் முடியவில்லை. சாதாரண வெளிச்சம் அந்தப் புரதத்துக்குப் போதாது. குறைந்த ஒளியிலேயே விழித்துக்கொள்ளும் புரதங்களை உருவாக்கும் வேலை இப்போது நடக்கிறது.