சாமான் லாரியும் நகரத்து வழியும்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் வீடு தேடுகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறோம். சாமான்களை ஏற்றி வரும் லாரி எவ்வழியே நகருக்குள் நுழையும் என்பதை மட்டும் ஓட்டுநர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். மதுரையிலிருந்து வருபவர் பெங்களூரின் சந்துகளை அறிந்திருப்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. வழி தவறினால் அபராதம் அவருக்கு; பாயும் பாத்திரமும் இல்லாத வீட்டில் காத்திருப்பது நம் குடும்பத்துக்கு.

பெங்களூரின் சாலைப் பெயர்களே ஒரு பாடம். ஓசூர் சாலை, மைசூர் சாலை, தும்கூர் சாலை, பெல்லாரி சாலை, பழைய மதராஸ் சாலை ஆகியவை சக்கரத்தின் ஆரங்களைப் போல நகரின் நடுவை நோக்கியே செல்கின்றன. நடுவில் இருப்பவையோ கெம்பே கௌடர் 1537-இல் அமைத்த பேட்டையும், 1809-இல் தோன்றிய கண்டோன்மெண்டும். இரண்டும் 1949-இல் ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் மாட்டு வண்டிக் காலத்துத் தெருக்கள் அங்கே இன்றும் உள்ளன. நெடுஞ்சாலையை அப்படியே பின்பற்றும் லாரி நெரிசலின் நடுவைத்தான் சென்றடையும்.

ஆதலால் வழியைப் புதிய வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி வகுக்க வேண்டும். வீடு கெங்கேரியிலோ பீனியாவிலோ இருந்தால், ஓசூரைக் கடந்து வரும் லாரி எலெக்ட்ரானிக் சிட்டி அருகே சுங்கம் செலுத்தி நைஸ் சாலையில் திரும்பலாம். அது மைசூர் சாலையையும் தும்கூர் சாலையையும் நகருக்கு வெளியிலேயே இணைக்கிறது. ஒயிட்ஃபீல்டுக்குச் செல்வோர் அத்திப்பள்ளியிலேயே வலப்புறம் திரும்பிச் சர்ஜாபுரம் வழியாகச் செல்லலாம். சென்னையிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வருவோருக்குக் கோலார், ஹொஸ்கோட்டை வழி ஏற்றது. 2010-இல் திறக்கப்பட்ட ஓசூர் சாலை மேம்பாலம் விரைவானதே. ஆயினும் அது இறக்கிவிடும் இடத்தை அடுத்து சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் காத்திருக்கிறது.

கடைசி ஒரு பர்லாங்கு தூரமே மிக முக்கியம். அதை முன்னதாக நடந்து பாருங்கள். தெருவின் அகலம், தாழ்ந்த மின்கம்பிகள், மரக்கிளைகள், ரயில் பாலத்தடியில் எழுதியுள்ள உயர அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரியின் உயரத்தைச் சாமான் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். தெருவில் திரும்ப இடமில்லையெனில், பெரிய சாலையிலேயே சாமான்களை மாற்றிக்கொள்ளச் சிறு வண்டியொன்றை முன்கூட்டியே பேசிவைப்பது நலம்.

நேரமும் வழியின் ஒரு பகுதியே. கனரகச் சரக்கு வாகனங்களை நகருக்குள் சில நேரங்களில் அனுமதிப்பதில்லை. அந்த நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் போக்குவரத்துப் போலீசாரிடம் கேட்டறியுங்கள். அனுமதி நேரத்தைப் பிடிப்பதற்காக ஓட்டுநரை இரவெல்லாம் விழித்து ஓட்டச் செய்வது ஆபத்து. ஓசூரில் சில மணி நேரம் உறங்கிவிட்டு வரட்டும். புழங்கிய வீட்டுச் சாமான்களுக்குச் சரக்கு வரிச் சட்டத்தின்படி ஈ-வே பில் தேவையில்லை. எனினும் சாமான் பட்டியலும் மாற்றல் உத்தரவின் நகலும் ஓட்டுநரிடம் இருப்பது நன்று.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி, புறப்படுமுன் ஓட்டுநருக்குப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் கேட்க அவருக்கு அவகாசம் கொடுங்கள். புது ஊரில் நமக்கு முதல் உதவி செய்பவர் அவரே.